இருநூறு முழம்

முழங்கையில் தொடங்கும் மல்லிச்சரம் பாஞ்சாலியின் நடுவிரல் நுனியைத் தொட்டு, அதற்கு மேலும் நாலு பூ தாண்டிய பிறகுதான் அறுபடுகிறது. அறுக்கிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவள் மாதிரி இருக்கும். வாங்கிய பெண் சரத்தைத் தன் கையில் ஒரு தரம் வைத்து அளந்து பார்க்கிறாள். பாஞ்சாலி அதைக் கவனிக்காதவள் போல வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, "நல்லா அளந்து பாத்துக்கம்மா. கொறஞ்சா நாளைக்கு வந்து கேளு" என்கிறாள். குரலில் பணிவு மருந்துக்கும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்காதீர்கள், ஓர் ஊர். அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் பதினைந்து வருஷமாக அவள் கடை. கடை என்றால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், ஈரச்சாக்கு விரித்த கூடையும், அவள் வாயும்தான். ஊர்ப் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடத்துக்குச் சங்கடம் என்பதால் இங்கே சொல்லவில்லை. பாஞ்சாலியைக் கேட்டால் அவளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவாள். மறைக்கிற பழக்கத்தை அவள் போன ஆவணியோடு விட்டுவிட்டாள்.

விடிவதற்கு முன் எழுந்து, முதல் பஸ்ஸில் திண்டிவனம் பூ மார்க்கெட்டுக்குப் போய், ஏழு மணிக்குள் திரும்பிவிடுவாள். பஸ்ஸிலேயே பாதிக் கூடை கட்டி முடிந்துவிடும். கட்டுவதற்கு அவளுக்குக் கண் தேவையில்லை. நாலு மொட்டு, ஒரு முடிச்சு, நாலு மொட்டு, ஒரு முடிச்சு என்று விரல்கள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, கண் பள்ளிக்கூடத்தை மேய்ந்துகொண்டிருக்கும். எந்த வாத்தியார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பையன் பையை உள்ளே வைத்துவிட்டு மதிலேறி வெளியே குதித்தான், எந்தப் பெண் அழுதுகொண்டு வந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆசிரியைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது கிடையாது. காக்கட்டான் டீச்சர், கனகாம்பரம் டீச்சர், பூவே வைக்காத டீச்சர், அவ்வளவுதான். பெயரோடு சொல்வது ஒருவரை மட்டும், கணக்கு டீச்சர் கிருஷ்ணவேணி. பேரம் பேசுவதில் அவளுக்குச் சரிக்குச் சரியாக நின்றவர் அந்த அம்மாள் ஒருவர்தான். பௌர்ணமியன்று மட்டும் வாசலில் ஸ்டூல் இருக்காது. திருவக்கரை அம்மன் கோயில் கூட்டத்தில் மாலை விற்கப் போயிருப்பாள்.

ஆடி வரைக்கும் அவள் முழம் இப்படிக் கிடையாது. முழங்கைக்கு இரண்டு விரற்கடை முன்னால் தொடங்கும். விரல்களை மடக்கிய கணுவோடு முடியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சரம் சுருண்டு இலைக்குள் போய்விடும். பூக்காரிகள் தொழிலில் இதற்குப் பொய் என்று பெயர் இல்லை, கைவாகு என்று பெயர். வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அதற்கு ஈடாகக் கொசுறு கேட்பார்கள், அவள் இரண்டு பூவைக் கிள்ளிப் போடுவாள், கணக்கு நேராகிவிட்டதாக இரண்டு பேரும் பாவனை செய்துகொள்வார்கள். கிருஷ்ணவேணி டீச்சர் மட்டும் இது முழமா, சாணா என்று விடாமல் கேட்பார். "என் கை குட்டக் கை டீச்சர். சாமி அளந்து குடுத்தது, நான் இன்னா பண்ணட்டும்?" என்று கையை நீட்டிக் காட்டுவாள். நீட்டும்போது மட்டும் கை நீளமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்து மதில் வாசலிலிருந்து சாலையோரமாகவே போய் ஒரு மூலையில் முடிகிறது. மூலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெங்கடாசலத்தின் கடை. நோட்டு, பேனா, கடலை மிட்டாய், கலர், பீடி, சிகரெட் எல்லாம் வெளியே தெரிகிறவை. கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது வேறு. பாக்கும் புகையிலையும் தூளாக்கி அடைத்த பொட்டலம், தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஒரு பீரியட் முழுக்கக் கிறக்கமாக உட்கார்ந்திருக்கலாம். மாநிலம் முழுக்க விற்கக் கூடாத சாமான். பையன்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, "அண்ணே, ரப்பர் ஒண்ணு" என்பார்கள். வருகிறவன் முகத்தைப் பார்த்தே எந்த ரப்பர் என்று வெங்கடாசலம் கண்டுகொள்வார்.

அவர் ஒன்றும் பார்வைக்குக் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் கூழ் ஊற்றும்போது இரண்டு மூட்டை கேப்பை அவர் உபயம். வெள்ளிக்கிழமை தவறாமல் கடைச் சாமி படத்துக்குப் பாஞ்சாலியிடம்தான் பூ வாங்குவார். டப்பாவில் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவருக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரான் பிள்ளை வாயில் எதை அடக்கினால் எனக்கென்ன என்று இருந்துவிட்டாள். இதை யாரும் கேட்காமலே அவள் சொல்வாள். "நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். எம்புள்ள வாயிக்கு வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு அவிஞ்சி கெடந்துச்சி."

அந்தப் பிள்ளை வல்லரசு, அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அப்பா சீனுவாசன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். அறுவடை எந்த ஜில்லாவில் இருக்கிறதோ அந்த ஜில்லாவில் இருப்பார். பள்ளி திறந்த புதிதில் பையன் கருவாட்டுக் குழம்பு வேண்டாம் என்றான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தால் எரிகிறது என்று ஒதுக்கினான். காரம் தின்றே வளர்ந்தவன் கேப்பைக் கூழும் மோருமாகக் கேட்டதை உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள் பாஞ்சாலி. ஒரு நாள் காலையில் அவன் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து உதட்டுக்குள் தள்ளுவதைப் பார்த்தாள். வாயை நன்றாகத் திறந்து தின்னச் சொன்னாள். திறந்தான். அது அவ்வளவுதான் திறந்தது.

திண்டிவனத்தில் பல் டாக்டர் புனிதா சின்ன வயதுப் பெண். பையனிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்துக்கொண்டு வெளியே நின்றது. பாஞ்சாலி தன் வாயில் வைத்துப் பார்த்தாள், மூன்றும் தாராளமாகப் போயின. கன்னத்தின் உட்சதை நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, பொட்டலத்தை இன்றோடு விட்டால் இதற்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தலாம், இறுகியது முழுசாகத் தளர்வது கஷ்டம், விடாவிட்டால் இந்த வயதில் வரக் கூடாத வியாதியில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் பையனைப் பார்த்தே சொன்னார். நார் காய்ந்தால் எப்படி இறுகும் என்று பாஞ்சாலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் முதல் தடவையாக அவள் கை சும்மா கிடந்தது.

வீட்டில் துடைப்பம் பிய்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வெங்கடாசலத்தின் கடைமுன் போய் நின்றாள். அவர் சத்தம் போடவில்லை, சிரித்தார்.

"நானா வாயில ஊட்டி உட்டேன்? அவன் காச நீட்றான், நான் சாமானக் குடுக்கறேன். என் கடை கோட்டுக்கு வெளிய இருக்குது பாஞ்சாலி. சட்டம் பேசறதுன்னா கோட்டுக்கு உள்ள போயி பேசு" என்றார்.

கோடு என்று அவர் சொன்னது சாலையின் குறுக்கே போட்டிருந்த மஞ்சள் கோடு. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி சிகரெட் எதுவும் விற்கக் கூடாது என்பது சட்டம். புகையிலை இல்லாப் பள்ளி என்று சான்றிதழ் வாங்குவதற்காக ஆனி மாதத்தில் அந்த எல்லையை அளந்து கோடு போட்டார்கள். வாசல் கேட்டில் டேப்பைப் பிடித்து முந்நூறு அடி இழுத்ததில், கோடு வெங்கடாசலத்தின் கடைக்கு நாற்பது அடி முன்னாலேயே நின்றுவிட்டது. தடை செய்த பொட்டலத்தைக் கோட்டுக்கு எந்தப் பக்கமும் விற்கக் கூடாதுதான். ஆனால் கோட்டுக்கு வெளியே என்று ஆகிவிட்ட கடையை எட்டிப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. பாஞ்சாலி போலீஸில் போய்ச் சொன்னாள். வந்தார்கள், டப்பாவைக் கொட்டினார்கள், அபராதம் போட்டார்கள். நாலாம் நாள் புது டப்பா வந்துவிட்டது.

தலைமையாசிரியர் அப்பாதுரை நல்ல மனிதர். ஓய்வு பெற ஒன்பது மாதம் இருக்கிற நல்ல மனிதர். அவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போது பாஞ்சாலி மறித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கேட்டுலேர்ந்து அளந்துட்டீங்களே சார், அந்த மதிலு பள்ளிக்கூடத்துது இல்லியா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதில் மூலை வரைக்கும் பார்த்தார். கேட்டிலிருந்து மூலைக்கே நூற்றைம்பது அடி இருக்கும். ஃபைல் விழுப்புரம் போய்விட்டது, இனிமேல் அதைக் கிளறினால் வீண் பேஜார் என்றார். பேஜார்தான் என்று ஒப்புக்கொண்டு பாஞ்சாலி ஸ்டூலுக்குத் திரும்பினாள். ஒப்புக்கொண்டவள் போலவா இருந்தது அவள் நடை?

இரண்டு முழம் ஒரு கஜம் என்பது சேலை கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பாஞ்சாலி பூ நூலில் இருநூறு முழம் அளந்து, பத்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பந்தாகச் சுற்றிவைத்தாள். கண் வாசலில் நின்ற பையன்கள் மேல் இருந்தது. கை தன் பாட்டுக்கு, பதினைந்து வருஷப் பழக்கத்தில் அளந்தது. தொடக்கத்தில் இரண்டு விரற்கடையை விட்டுவிட்டு, முடிவில் விரலை மடக்கிக்கொண்டு அளந்தது. அதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வேறு யார் அளந்திருந்தாலும் நூல் சரியாக இருந்திருக்கும்.

ஆவணியில் விழுப்புரத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று, கையை நீட்டி, போதைப் பொருளைத் தொட மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். வல்லரசும் மூன்றாவது வரிசையில் நின்று, முடிந்த அளவு வாயைத் திறந்து, எடுத்தான். அதிகாரிகளுக்குக் கலரும் பிஸ்கட்டும் வந்தன. வேறு கடை ஏது, வெங்கடாசலத்தின் கடையிலிருந்துதான் வந்தன. அவரே தட்டில் வைத்துப் பவ்வியமாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு மஞ்சள் கோட்டருகே நின்று படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் சாலையில் புறப்பட்டபோது, மதில் மூலையில் ஓர் ஆணியில் பாஞ்சாலி நூலின் நுனியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஏதோ அலங்காரம் செய்கிறாள் என்று முதலில் நினைத்தார்கள். அவள் பந்தைப் பிரித்துக்கொண்டே நடந்தாள். நூல் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போயிற்று. வெங்கடாசலத்தின் கடைப்படிக்கு வந்தது. அதையும் தாண்டிப் போயிற்று. பந்து தீர்ந்த இடத்தில் நின்று, அங்கிருந்தே உரக்கச் சொன்னாள், மதிலிலிருந்து நூறு கஜம் இங்கேதான் வருகிறது, கோட்டை இங்கே போடுங்கள் என்று.

பெரிய அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பேரும் ஏதாவது சொல்வதற்குள் வெங்கடாசலம் முந்திக்கொண்டார். நுணல் வேறு எப்படிக் கெடும்?

"சார், இவ முழத்த நம்பிக்கினு எதுவும் பண்ணிடாதீங்க. பதினஞ்சு வருஷமா கொற முழம் போட்டு பூ விக்கிற பொம்பள. டீச்சருங்களையே கேட்டுப் பாருங்க."

டீச்சர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், உண்மைதானே. பிள்ளைகளும் சிரித்தார்கள். பாஞ்சாலிக்கு முகம் கறுத்துப்போயிற்று. கையில் இருந்த கடைசி முடிச்சைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த மடங்கிய விரல்களைப் பார்த்தாள். அப்போதுதான் கை செய்திருந்த காரியம் அவளுக்கு உறைத்தது. அங்கே நின்ற பெண்களில் அவளிடம் பூ வாங்காதவர் கிடையாது. சாமி மேல் சத்தியம் செய்து, குட்டைக் கைப் பாட்டைப் பாடி, கொஞ்சம் அழுதும் இருந்தால் பாதிப் பேர் அவள் பக்கம் பேசியிருப்பார்கள். பிழைப்பு பிழைத்திருக்கும். ஆனால் அவள் சொல்லுக்கும் அவர் சொல்லுக்கும் சண்டை என்று விஷயம் முடிந்து, அதிகாரிகள் கலரைக் குடித்துவிட்டு ஜீப் ஏறியிருப்பார்கள். பையன்கள் வரிசையில் வல்லரசு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாஞ்சாலி அவனைப் பார்த்தாள், பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"ஆமா சார். என் முழம் கொற முழந்தான். ஒரு முழத்துக்கு அஞ்சாறு விரக்கட அமுக்கிக்கினுதான் இருந்தேன். இந்த டீச்சருங்க தலையில வெச்சிக்கினு இருக்கறதும் கொற முழந்தான். அவரு சொன்னது நெசம். கொற முழத்துக்கே நூலு அவரு கடையத் தாண்டி முப்பது முழம் கெடக்குது. நெறமுழம் போட்டா எங்க போயி நிக்கும்னு நீங்களே அளந்துக்குங்க."

முதலில் புரிந்துகொண்டவர் கணக்கு டீச்சர்தான். முழம் குறைந்தால் கடை இன்னும் கிட்டேதான் வரும் சார், தள்ளிப் போகாது என்றார். வெங்கடாசலத்துக்குக் கடைசியில் புரிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டப்படி மதிலிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று பெரிய அதிகாரி டேப் கொண்டுவரச் சொன்னார். மதில் மூலையிலிருந்து கடைப்படி வரைக்கும் நூற்றுத் தொண்ணூற்றோரடி. முந்நூறுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அடுத்த வாரம் புதுக் கோடு கடையைத் தாண்டி நூறடிக்கு அப்பால் போய் விழுந்தது. சிகரெட் அட்டைகள் கீழே இறங்கின. பிஸ்கட் டப்பாவில் கொஞ்ச நாள் பிஸ்கட்டே இருந்தது.

அதற்கான விலையைப் பாஞ்சாலி மறுநாள் காலையிலேயே கொடுக்கத் தொடங்கினாள். கிருஷ்ணவேணி டீச்சர் வகுப்பறை மர ஸ்கேலோடு வந்து நின்று, அரை கஜம் என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று பாடம் நடத்தினார். கேலிதான், ஆனால் சரத்தை ஸ்கேலில் வைத்தும் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள். பேச்சு பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், முகம் தெரியாதவர்கள்கூட, நூல் கட்டின பூக்காரி நீதானா, நெறமுழம் போடு என்று கேட்டு வாங்கினார்கள். முன்பு ஒரு கூடையில் கண்ட முழம் இப்போது காண்பதில்லை. மார்கழியில் மல்லி விலை கொம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டபோது மற்ற பூக்காரிகள் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். விரலை மடக்கத் தெரியாதவளா அவள்? தினமும் யாரும் ஸ்கேலோடு வருவதும் இல்லை. "ஒருவாட்டி மடக்கினேன்னு வெச்சிக்க, அன்னிக்கே அந்தாளு பாத்தியான்னுவாரு. அந்த ஒரு சொல்ல அவருக்கு நான் குடுக்க மாட்டேன்" என்கிறாள். கொடுக்கவில்லை.

வல்லரசு மூன்று வாரம் அவளோடு பேசாமல் இருந்தான். தாய் ஊர் நடுவே நின்று தன்னைத் தானே திருடி என்று சொல்லிக்கொண்டதைவிட, கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்னதில் தன் வாய்க்கதை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துபோனதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான். பள்ளிக்கு வரும்போது அவளைத் தெரியாதவன் போலச் சாலையின் மறுபக்கமாகப் போனான். அவள் அதற்கும் அசையவில்லை. "பேசாட்டி போறான். பேசறதுக்கு வாயின்னு ஒண்ணு இருந்தா போதும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் அவன் ஒரு நாளும் தப்ப விடவில்லை. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து வாயைத் திறந்து பிடிக்க வேண்டும், முடிகிறபோது ஒரு குச்சி கூட்ட வேண்டும். அவள் பூக்கட்டிக்கொண்டே பார்க்காதது போலப் பார்ப்பாள். தையில் மூன்று குச்சி கூடியிருந்தது. மூன்றாவது விரல் பாதி போகிறது.

அவளுடைய இன்னொரு கெட்ட பழக்கமும் அப்போது வந்ததுதான். கேட்டைத் தாண்டுகிற பையன் எவன் மேலாவது சந்தேகம் வந்தால், "டேய், வாயத் தொற. மூணு விரல உடு பாக்கலாம்" என்று வழிமறிப்பாள். சின்னப் பையன்கள் அதை விளையாட்டாக்கி, அவள் கேட்காமலே வரிசையில் நின்று மூன்று விரலையும் விட்டுக் காட்டிவிட்டு ஓடுவார்கள். பெரிய பையன்கள் வேறு பக்கம் சுற்றிப் போவார்கள். ஒருவன் கூடையருகே துப்பிவிட்டுப் போனான். இன்னொருவனுடைய அப்பா, ஊரில் கொஞ்சம் பெரிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்ல நீ யார் என்று கத்தினார். பாஞ்சாலி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவனை நீங்களே திறக்கச் சொல்லிப் பாருங்கள், மூன்று விரலும் போனால் வந்து என் கூடையை மிதியுங்கள் என்றாள். அவர் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பையனோடு திண்டிவனம் பஸ்ஸில் அவரைப் பார்த்ததாக அவளே சொன்னாள்.

பொங்கல் முடிந்ததும் வெங்கடாசலம் வழி கண்டுபிடித்துவிட்டார். புதுக் கோட்டைத் தாண்டி, மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க்கின் சுவரோரம் சாயங்காலம் நாலு மணிக்கு அவருடைய சிவப்பு ஸ்கூட்டர் வந்து நிற்கும். சீட்டைத் தூக்கினால் கடை. பள்ளி விட்டதும் ரப்பர் வேண்டியவர்கள் அந்தப் பக்கம் நடந்தார்கள். போலீஸ் வருகிற நாளில் சீட்டுக்கு அடியில் ஒரு மழைக்கோட்டும் தேங்காயும் மட்டும் இருக்கும்.

அதோடு ஒரு புகாரும் போயிற்று, கையெழுத்தில்லாமல். பள்ளி வாசலில் பூக்கடை போட்டிருப்பது ஆக்கிரமிப்பு, பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அப்பாதுரை வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்று, வெகு நேரம் மல்லி விலை பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். தனக்கு இதில் இஷ்டமே இல்லை, மேலிடத்துக் கடிதம், கொஞ்ச நாளைக்குக் கேட்டருகே வேண்டாம் என்றார். பஸ் நிறுத்தத்தில் உட்காரலாமே, அங்கே நிழலும் உண்டு, வியாபாரமும் இரட்டிப்பாகும் என்று ஆறுதலும் சொன்னார். பொய்யில்லை. அந்த இடத்துக்கு மற்ற பூக்காரிகள் அடித்துக்கொள்கிறார்கள்.

"கேட்டுகிட்ட இருக்கக் கூடாது, அவ்ளோதான சார்?" என்று கேட்டாள் பாஞ்சாலி. "வேற எங்க வேணா உக்காரலாமா?"

எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார் அவர், நிம்மதியாக.

நாலு மணிக்கு அவள் சாக்கைச் சுருட்டி, கூடையை இடுப்பில் வைத்து, ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் போகவில்லை. மதிலோரமாகவே நடந்தாள். மூலையைத் தாண்டினாள், அழிந்துகொண்டிருக்கும் பழைய கோட்டைத் தாண்டினாள், வெங்கடாசலத்தின் கடையைத் தாண்டினாள், புதுக் கோட்டையும் தாண்டி பெட்ரோல் பங்க் சுவருக்குப் போனாள். அங்கே ஒரு செடியின் நிழல்கூடக் கிடையாது. தை வெயில் என்றாலும் சாயங்காலச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கிற இடம். அங்கே கூடை வைத்தால் மொட்டு ஒரு மணி நேரம் தாங்காது என்று பூக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா?

ஸ்கூட்டர் வந்து நின்றிருந்தது. வெங்கடாசலம் அவளைப் பார்த்துவிட்டு, தூக்கிய சீட்டைப் பாதியில் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இங்க யாரு வந்து பூ வாங்குவா? வெய்யில்ல கருகிப் பூடும், எடுத்துக்கினு போ."

மணி அடித்தது. பையன்கள் ஐந்தாறு பேர் அந்தப் பக்கம் நடந்து வந்து, அவளைக் கண்டு பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். போவதா வருவதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஞ்சாலி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலைச் சாலையைப் பார்க்கப் போட்டவள், மறுபடி தூக்கித் திருப்பிப் போட்டாள். வாங்க வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, ஸ்கூட்டருக்கு நேர் எதிரே, முழங்கால் சக்கரத்தில் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்து, வெங்கடாசலத்தின் முகத்தைப் பார்த்தபடி மொட்டைக் கட்டத் தொடங்கினாள்.